கண்ணாடித் தொட்டியும் கப்பி மீனும்

இரவு 11 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாகி விட்டது. விளக்குக்கூடப் போடாமல், காபி வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்திரீ கூடத்தில் பூனைபோல நடந்து போகிறாள் என்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தொடர் கதையாக இருந்தால் அந்த இடத்தில் "அடுத்த இதழில்" என்று போட்டு ஒரு வாரம் உங்களைத் தவிக்க விட்டிருப்பார்கள். நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியல்ல. இப்போதே சொல்லி விடுகிறேன். அந்த ஸ்திரீ நான்தான். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மல்லாந்து மிதந்த தங்க மீனை வடிகட்டியால் எடுத்து, கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்து விட்டு, அதே அளவில், அதே நிறத்தில் சாயங்காலமே ரகசியமாக வாங்கி வந்து ஒளித்து வைத்திருந்த வேறொரு மீனை அந்த இடத்தில் விடுவதற்காகத்தான் இத்தனை பூனை நடை!

காரணம் என் மகள். வயசு ஏழு. பிறந்த நாளுக்கு மீன்தான் வேண்டுமென்று ஒரு மாதம் கேட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அடுத்தபடியாகப் பேக்கரிகளைத்தான் அதிகம் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் மீன் கடைக்கும் குறைச்சலில்லை. இரண்டு தங்க மீன்கள், ஒரு உருண்டைக் குடுவை, கைப்பிடி நிறைய நீலக் கூழாங்கற்கள், ஒரு டப்பா தீனி எல்லாம் வாங்கி வந்தேன். குழந்தைக்கு முதல் மீன், குற்றம் குறை வந்துவிடக்கூடாது என்று, நாங்கள் குடிப்பதற்கு வாங்குகிற கேன் தண்ணீரையே குடுவையில் ஊற்றினேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூழாங்கல் உட்பட எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். பாத்திரம் தேய்ப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

நாலாம் நாள் ஒன்று போயிற்று. நான் மாற்றி வைத்தேன். ஒரு வாரத்தில் மற்றொன்று. மறுபடியும் மாற்றினேன். காலையில் எழுந்து பல்கூடத் தேய்க்காமல் குடுவையின் முன்னால் உட்கார்ந்த குழந்தை, "ஏம்மா, இதுக்கு வால்ல கறுப்பு இருந்துச்சே, காணோம்?" என்றாள்.

"சாயம் போயிருக்கும், கண்ணு" என்றேன்.

திருப்பூரில் பிறந்த குழந்தையிடம் சொல்லக்கூடிய பதில்தானே என்று எனக்கே ஒரு பெருமை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது மீனுக்கு அப்புறம் குடுவையின் பக்கம் போவதையே நிறுத்தி விட்டாள். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

அந்த மாதம் என் தாயாருக்குக் கோயமுத்தூரில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்து, வீடு திரும்பிய நான் குழந்தையிடம், "அம்மிச்சி நல்லா இருக்காங்க, ஞாயித்துக் கிழமை இங்கே வருவாங்க" என்று சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அதே அம்மிச்சிதானே வருவாங்க?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மாமியாருக்கு இந்த மீன் வளர்ப்பில் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. "நொய்யல்ல இருந்த மீனையே காப்பாத்த முடியாத ஊரு. சீசாவுல வெச்சுக் காப்பாத்தப் போறீங்களாக்கும்" என்பார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது நொய்யலில் துணி துவைத்தவர், மீன் பார்த்தவர். பிறகு நடந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுதான் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்ல வேண்டி வந்தது. கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பிறகு அவை திறக்கப்பட்டன. இந்தப் பின்னணியில் என் மாமியார் சொல்லுக்கு எதிர்ச் சொல் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் பத்திரிகையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தெரியாத விஷயம் என்றால் தெரிந்தவர் யாரென்று தேடிப் போய்விடுவாள். அதை நான் மீன் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

எங்கள் வீதியிலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். பிளீச்சிங் பட்டறை ஒன்றில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நடையில் இரண்டடி நீளத் தொட்டி ஒன்று வருஷக்கணக்காக இருக்கிறது. கதை முழுவதையும் கேட்டு விட்டு அவர் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" என்றார்.

"கேன் தண்ணிங்க. சுத்தமான தண்ணி."

"கடைக்காரர் எதுல வெச்சிருந்தாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே! கடைக்குப் போய்க் கேட்டேன். "போர் தண்ணிதானுங்க" என்றார்கள்.

விஷயம் இதுதான். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் ஏராளம். பாத்திரத்தில் வெள்ளை படிவதும், சோப்பு நுரைக்காமல் அழ வைப்பதும் உங்களுக்குத் தெரியும். சப்பைத் தண்ணீர் என்று நாம் வைகிறோமே, அதேதான். அதில் இருந்த மீனை, உப்பெல்லாம் வடித்தெடுத்த கேன் தண்ணீரில் திடீரென்று தூக்கிப் போட்டால் அதன் உடம்பு தாங்காது. உப்பு கூடியும் குறைந்தும் போவதை மீனின் உடம்பு சரிக்கட்டிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். நான் ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

அது ஒரு பாவம். இரண்டாவது பாவம் அந்த உருண்டைக் குடுவை. தங்க மீன் சின்னதாக இருக்கும்போதுதான் சின்னது. சரியாக வளர்த்தால் அரையடிக்கும் மேலே போகும், பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அது கெண்டை ஜாதி, குளிர்ந்த தண்ணீர்க்காரன், சாப்பாட்டு ராமன், அழுக்கும் அதிகம். பங்குனி சித்திரை வெயிலில் திருப்பூர் கூடத்து அலமாரியில், மூன்று லிட்டர் தண்ணீரில், அதை உட்கார வைப்பது சிறைச்சாலைகூட இல்லை. அப்படியானால் ஏன் எல்லாக் கடையிலும் முதலில் தங்க மீனையே காட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது, நாமும் அதையே கேட்கிறோம். அவ்வளவுதான்.

மூன்றாவது பாவம்தான் எனக்கு மிகவும் வலித்தது. ஏனென்றால் அது என் பெருமையில் கை வைத்தது. நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேனே, அது!

தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. அது மீனுக்கே விஷம். தொட்டியின் கல்லிலும் பஞ்சிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறி, அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். வேறொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் வந்து சேர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நானோ இரண்டு நாளைக்கு ஒரு தடவை உறை மோரைச் சாக்கடையில் கொட்டி விட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து, பாலை ஊற்றி, "ஏன் தோயவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. சுண்ணாம்புத் தண்ணீர் பெரும்பாலும் காரத் தன்மை உள்ளது. காரத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் ஏறும். ஆகவே "கெட்டியான மீன், எதையும் தாங்கும்" என்று கடையில் சொன்னாலும், தோயாத தொட்டியில் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுபோய்க் கொட்டி விடாதீர்கள்.

பெரியவர் எனக்கு ஒரு காரியம் செய்தார். தன் தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்த பழைய பஞ்சு பில்டரை எடுத்து, ஈரம் காயாமல் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். "இதுதானுங்க உறை மோரு" என்றார். பட்டறைக்காரர் அல்லவா, குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கும் அவரிடமே வழி இருந்தது. துணியை வெளுத்த பிறகு அதில் தங்கிவிட்ட குளோரினைப் போக்க ஹைப்போ என்ற உப்பைப் போடுவார்களாம். மீன் கடையில் சின்னக் குப்பியில் விற்கிற குளோரின் போக்கும் மருந்தில் பெரும்பாலும் இருப்பதும் அதே ஹைப்போதான்! குப்பியின் மேல் போட்டிருக்கிற அளவுப்படி விட்டால் போதும். மருந்து வேண்டாமென்றால், வாய் அகன்ற பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுதும் திறந்து வைக்கலாம். நமக்குப் பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற அன்றே ஒரு பக்கெட் மீனுக்கென்று ஒதுக்கி விடுவது எங்கள் வீட்டு வழக்கமாகி விட்டது.

இந்த முறை இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி வாங்கினோம். ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். சின்னதாக வாங்கினால் பராமரிப்பது சுலபம் என்று நினைப்போம். உண்மையில் தண்ணீர் குறைய குறையச் சங்கடம்தான் கூடும். ஒரு மீன் செத்தாலும், ஒரு சிட்டிகை தீனி அதிகம் விழுந்தாலும், சின்னத் தொட்டி உடனே கெட்டுவிடும். ஆனால் ஒன்று. தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் கனம். டி.வி. வைக்கிற ஆட்டம் காணும் மேஜை ஆகாது. வெயில் விழுகிற ஜன்னலோரமும் ஆகாது, பாசி பிடித்துத் தொட்டி பச்சைத் தம்ளராகி விடும்.

தண்ணீரை ஊற்றி, பெரியவரின் பஞ்சைப் போட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டுக்கொண்டு மூன்று வாரம் மீனே இல்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னிக்குத் தண்ணி சாப்பிட்டுதா?" என்று கேட்பார். மாமியார் சிரித்தார். குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. பழைய மீன்கள் என்ன ஆயின என்பதை முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன், கறிவேப்பிலைச் செடியையும் காட்டினேன். அவள் அழவில்லை. "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள். "ஏழு" என்றேன். ஏழு கூழாங்கல்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

சரி, எந்த மீன்?

நம் தண்ணீருக்கு முதல் மீன் கப்பிதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் சுண்ணாம்புத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படட்டும். கப்பிக்கும், மோலிக்கும், பிளாட்டிக்கும் அதுதான் பிடித்த தண்ணீர். முட்டையிடாமல் குட்டி போடுகிற ஜாதி. கேன் தண்ணீர்தான் இவற்றுக்கு ஆகாது. உங்கள் போர்வெல் மிகவும் கரிப்பாக இருந்தால் ஆற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து கொள்ளுங்கள். பட்டறைகளுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கப்பியின் பெயர் ஒரு மனிதரின் பெயர். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் டிரினிடாட் தீவிலிருந்து லண்டனுக்கு இந்த மீனை அனுப்பினார். அங்கே 1866-ல் அவர் பெயரையே சூட்டினார்கள். அதற்கு 7 வருஷத்துக்கு முன்பே வேறொரு பண்டிதர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. சாஸ்திரப் பெயர் மாறிவிட்டது. ஆனால் கடைத்தெருவில் கப்பி கப்பியாகவே இருக்கிறது! கொசுப் புழுவை ஆவலோடு தின்பதால் நம் நாட்டில் சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பிரசவம். தனியாக வாங்கிய பெண் மீன்கூட, கடையில் நடந்த பழைய உறவை வைத்துக்கொண்டே பல தடவை குட்டி போடும். பிரசவம் பார்க்கிற உத்தேசம் இல்லாதவர்கள் ஆண் மீன்களாகவே வாங்கலாம். வண்ண வாலெல்லாம் அவைகளுக்குத்தான். பெண் கொஞ்சம் பெருத்து, நிறம் மங்கி, குடும்ப பாரம் சுமக்கிற தோரணையில் இருக்கும்.

மோலியும் பிளாட்டியும் கப்பிக்கு நல்ல துணை. மோலி கொஞ்சம் பெரிதாகும், இடம் கேட்கும். பிளாட்டி சமர்த்து. சுறுசுறுப்பு வேண்டுமென்றால் ஜீப்ரா டானியோ என்ற வரி மீன். இது நம் நாட்டு மீன், கங்கைப் பக்கத்தது. 1822-ல் இதை விவரித்து எழுதிய பிரான்ஸிஸ் ஹாமில்டன் வேறு யாருமல்ல, 1800-ல் கோயமுத்தூர்ச் சீமை வழியாகப் பயணம் செய்து நம் விவசாயத்தையும் நெசவையும் பற்றியெல்லாம் குறிப்பெடுத்த புக்கானன்தான், பிற்பாடு பெயரை மாற்றிக் கொண்டார். இன்று உலகத்து ஆராய்ச்சிக் கூடங்களிலெல்லாம் இந்த வரி மீன்தான் நீந்துகிறது. ஆறு மீனுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். தனியாக விட்டால் பயந்து சாகும், அல்லது மற்றதை விரட்டும். துள்ளவும் செய்யும், மூடி அவசியம்.

பைட்டர் மீன் ஒரு தனிப் பிரகிருதி. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்ததனால் அதைத் தம்ளரில் அடைத்து விற்கிறார்கள். மூச்சு விட முடிகிறது என்பதற்காக நம்மைக் கழிப்பறையில் குடி வைத்தால் சம்மதிப்போமா? ஒன்றே ஒன்றாக, நல்ல தொட்டியில் வையுங்கள். கப்பியின் வாலைக் கண்டால் சண்டைக்குப் போகும் என்பதால் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

"தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று ஒன்றைக் கட்டாயம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும். விரல் நீளத்தில் வாங்குவீர்கள், ஓரடிக்கு மேல் வளரும். அப்புறம் வைக்க இடமில்லாமல் யாராவது குளத்தில் விட்டு விடுகிறார்கள். அது அங்கே நம் மீன்களின் முட்டையையும் இடத்தையும் பறிக்கிறது. நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது. பறவை பார்க்கப் போகும்போது தயவு செய்து மீனைக் கொண்டு போகாதீர்கள். வாஸ்துவுக்கு நல்லது என்று சொல்லி விற்கிற ராட்சத மீன்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் வாஸ்து என் மாமியார் பொறுப்பு.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது என்று நம் ஊர்ப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியனுக்கு செக்கிங் செய்கிற கண் போதும். துடுப்பு விரிந்திருக்கிறதா, ஒட்டிக் கிடக்கிறதா? உடம்பில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? வயிறு ஒட்டியிருக்கிறதா? பீஸ் ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் போதாது, லாட்டையே பாருங்கள். அந்தத் தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் அங்கே எதையும் வாங்காதீர்கள். நம் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வருகிறது. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர் போன சென்னைக் கொளத்தூரிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பையில் இரவெல்லாம் பயணம் செய்து வந்த மீன் களைத்துப் போயிருக்கும். வந்து ஒரு வாரம் ஆனதை வாங்குவது உத்தமம்.

முதலில் மூன்று ஆண் கப்பிகள் வாங்கினோம். பையைப் பிரிக்காமல் தொட்டியில் 20 நிமிஷம் மிதக்க விட்டு, பிறகு வாயைத் திறந்து, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அரைத் தம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரை மணி கழித்து வலையால் எடுத்து விட்டோம். கடைத் தண்ணீரை உள்ளே ஊற்றவில்லை. இரண்டு வாரம் கழித்து மூன்று பிளாட்டி. அதற்கப்புறம்தான், குழந்தையின் பிடிவாதத்தால், இரண்டு பெண் கப்பிகள். வாரத்துக்கு ஒரு நாள் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன். பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து விடுவதோடு சரி. தேய்க்க வேண்டுமென்று கை துறுதுறுக்கும்போது இட்லிப் பானையை எடுத்துத் தேய்த்து விடுகிறேன்.

தீனி விஷயத்தில் ஒரு கலகம் நடந்தது. கோயில் தெப்பக்குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய மாமியார், "பாவம், வாயில்லா ஜீவன்" என்று ஒரு கைப்பிடி பொரியை அள்ளிப் போட்டு விட்டார். மறுநாள் தண்ணீர் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கி, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. அன்று பாதித் தண்ணீரை மாற்றினோம். "ஆத்தா, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிறது மட்டுந்தான் போடோணும்" என்று குழந்தை சட்டம் போட்டாள். வாரத்தில் ஒரு நாள் மீனுக்குப் பட்டினி என்றதும்தான் மாமியாருக்குச் சமாதானம். அவருக்கும் விரத நாள் உண்டே!

ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், ஆண் கப்பி ஒன்று கல்லின் மேல் கிடந்தது. பார்த்தது நான்தான். வடிகட்டி கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நான் போய்க் குழந்தையை எழுப்பினேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாயம் போகலையே?" என்றாள்.

"இல்லை. செத்துப் போச்சு, கண்ணு."

எட்டாவது கூழாங்கல்லை அவளே தேடி எடுத்தாள். பள்ளிக்கூடம் போகும்வரை என் புடவைத் தலைப்பை விடவில்லை.

போன வாரம் பெண் கப்பி ஒன்று குட்டி போட்டது. தாயே தின்று விடும் என்பதால், பாசிக் கொத்துக்குள் ஒளிந்து தப்பியவற்றை எண்ணினோம். பதினொன்று. மாடி வீட்டுப் பெண் குழந்தைக்கு நாலு வேண்டுமாம், அவள் அம்மா உருண்டைக் குடுவை ஒன்றும் வாங்கி வைத்து விட்டார். என் மகள் மாடிக்குப் போய்க் குடுவையைப் பார்த்து விட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். நேற்று நாங்கள் கூடுதலாகப் போட்டு வைத்திருந்த பஞ்சு பில்டரைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரம் காயாமல் பாலிதீன் பையில் கட்டி, மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

"முதல்ல பெரிய தொட்டி வாங்கி, இதைப் போட்டு வைங்க, அத்தை. மீனை அடுத்த மாசம் தர்றேன்."